ஒற்றையாட்சியா, கூட்டாட்சியா: கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பறிக்க முடியுமா?

தேம்ஸ் ஆற்றின் ஒரு கரையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம். 1980களில் அதன் எதிர்க்கரையில் லண்டன் பெருநகர மன்றம். நாட்டை ஆண்டவர் கன்சர்வேடிவ் கட்சிப் பிரதமர் மார்கரெட் தாட்சர். மன்றமோ தொழிற்கட்சியின் வசம். லண்டனில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில், நாடாளுமன்றத்தின் கண்ணில் படும்படி தன் கட்டடத்தின் மேல் வைத்தது மன்றம். 1985இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1986 மார்ச் 31உடன் அந்த மன்றமே இல்லாமல் போனது. மாநகர் முழுமைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அமைப்பு மறுபடி வர 2000 ஆகிவிட்டது.

ஜெர்மனியில் நடந்தது இதற்கு நேர்மாறு. பெர்லினையும் அதைச் சூழ்ந்துள்ள பிராண்டன்பர்க்கையும் ஒரே மாநிலமாக்க இரு மாநில அரசுகளும் சம்மதித்தன. 1996இல் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். பெர்லின் சரி என்றது, பிராண்டன்பர்க் மறுத்தது. திட்டம் அதோடு கைவிடப்பட்டது.

பிரிட்டன் ஒற்றையாட்சி, ஜெர்மனி கூட்டாட்சி. இரண்டு முறைகளையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது: ஒற்றையாட்சியில் கீழே கொடுத்த அதிகாரத்தை மையம் தானாகவே திரும்பப் பறிக்கலாம், கூட்டாட்சியில் பொதுவாக மாநிலங்களின் சம்மதமில்லாமல் முடியாது. எவ்வளவு அதிகாரம் கீழே போகிறது என்பதை வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம். டென்மார்க் ஒற்றையாட்சி நாடு. ஆனால் அங்கே பொதுச்செலவில் பெரும்பகுதி உள்ளாட்சிகள் வழியாகத்தான் போகிறது. அதே டென்மார்க்கில் சுமார் 270 நகராட்சிகளை 2007இல் 98 ஆகச் சுருக்கவும் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றே போதுமானதாக இருந்தது. இந்தியாவைக் கூட்டாட்சி என்கிறோம். ஆனால் அரசமைப்பின் 3ஆம் பிரிவுப்படி மாநில எல்லையை நாடாளுமன்றமே மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் உலகின் பெரும்பாலான நாடுகள் ஏன் ஒற்றையாட்சியைத் தேர்ந்தெடுக்கின்றன? சிறிய நாட்டுக்கு இரண்டு அடுக்கு அரசு வீண் செலவு என்பது எளிய விடை. சமத்துவம் என்ற விடை இன்னும் வலுவானது. புரட்சிக்கு முந்தைய பிரான்சில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டமும் வரியும் வேறு. 1790இல் பழைய மாகாணங்களை ஒழித்து 83 மாவட்டங்கள் வகுத்ததன் நோக்கம், எங்கே பிறந்தாலும் குடிமகனுக்கு ஒரே சட்டம் என்பதே. கூட்டாட்சி இதில் நிச்சயம் பின்தங்குகிறது. அமெரிக்க செனட்டில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு இடம், 6 லட்சத்தைத் தொடாத வயோமிங்குக்கும் இரண்டு இடம். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாவது காரணம் பயம். நாடு உடைந்துவிடுமோ என்ற பயம். இந்தோனேசியா 1949 டிசம்பரில் கூட்டாட்சியாகத்தான் இறைமை பெற்றது. அந்த அமைப்பை டச்சுக்காரர்களின் பிரித்தாளும் சூழ்ச்சியாகவே தேசியவாதிகள் பார்த்தார்கள். 1950 ஆகஸ்டில் அது ஒற்றையாட்சியாக மாறியது. அவர்கள் சந்தேகத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் பயத்தால் எடுக்கும் இந்த முடிவு, எதற்குப் பயந்தார்களோ அதையே கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. எரித்திரியா 1952இல் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைந்தது. 1962இல் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி அந்த ஏற்பாட்டை ஒழித்து அதை வெறும் மாகாணமாக்கினார். முப்பது ஆண்டுப் போருக்குப் பின் 1993இல் எரித்திரியா தனி நாடு. இலங்கை 1972 அரசமைப்பில் ஒற்றையாட்சி என்று எழுதிவைத்தது. போர் அதனால் தடுக்கப்படவில்லை. 1987இல் 13ஆவது திருத்தம் வழியாக வந்த மாகாண சபைகளுக்கும், 2014க்குப் பின் நெடுங்காலம் தேர்தல் நடக்கவில்லை. சட்டம் இருக்கிறது, சபை இல்லை. கொடுத்தவர் நினைத்தால் முடக்கிவைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

எனவே, மையத்தைக் கண்டு அஞ்சும் மக்கள் கூட்டம் இல்லாத நாட்டில் ஒற்றையாட்சிதான் மேல் என்பேன்: வேகம், சிக்கனம், ஒரே சட்டம். அப்படியொரு கூட்டம் இருக்கும் நாட்டில், அவர்கள் சம்மதமில்லாமல் தொட முடியாத அதிகாரம் வேண்டும். அதற்குக் கூட்டாட்சி என்ற பெயர்ப்பலகை கட்டாயமில்லை. பின்லாந்து ஒற்றையாட்சி நாடுதான். அதற்குட்பட்ட ஓலாந்து தீவுகளில் ஸ்வீடிஷ் பேசும் சுமார் 30,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களுடைய தன்னாட்சிச் சட்டத்தில் திருத்தம் செய்ய வேண்டுமானால், ஹெல்சின்கியில் நாடாளுமன்றம் நிறைவேற்றினால் மட்டும் போதாது. ஓலாந்தின் சட்டமன்றமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.