ஒட்டுப்படத்துக்கு நிழல்: எந்த வழி தரையில் நிற்கிறது?

தருமபுரியில் ஸ்டுடியோ நடத்துபவர்களுக்குக் கல்யாண சீசனில் தவறாமல் வரும் வேலை ஒன்று உண்டு. மறைந்துபோன தந்தையை மணமக்களின் படத்தில் பக்கத்தில் நிற்க வைத்துத் தரவேண்டும். கையில் கிடைப்பது ஏதோ ஒரு வீட்டு விசேஷத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்த பழைய குரூப் போட்டோ. சேர்க்க வேண்டிய இடம் ஒகேனக்கல் பாறையாகவோ கிருஷ்ணகிரி அணைப் பூங்காவாகவோ இருக்கும். ஆளை ஓரம் பிசிறில்லாமல் வெட்டும் வேலையை இப்போது மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஒளியும் நிழலும் இசையாத இடத்தில்தான் படம் மாட்டிக்கொள்கிறது. நான் முதன்முதலில் செய்துகொடுத்த அப்படிப்பட்ட படத்தைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டு மூத்த மகள், "ஏண்ணா, அப்பா மட்டும் தரையில நிக்காத மாதிரி இருக்காரே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று நான் போட்டிருந்தது டிராப் ஷேடோ. வெட்டிய உருவத்தின் வடிவத்தையே சற்று நகர்த்தி, மங்கலாக்கி, பின்னால் வைப்பதுதான் அதன் வேலை. ஆள் சுவரை ஒட்டி நின்றால் சுவரில் எப்படி விழுமோ அப்படி விழும். தரையில் மடிந்து படுக்கும் நிழலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஃபிளெக்ஸ் பேனரில் எழுத்தைத் தூக்கிக் காட்ட அது போதும், ஆளுக்கு ஆகாது.

அதற்கு எதிர்முனையில் இருப்பது கையால் வரையும் நிழல். இதில் வரைய வேண்டியவை இரண்டு. செருப்பு தரையைத் தொடும் கோட்டில் வரும் மெல்லிய, அடர்ந்த கருமை ஒன்று. அங்கிருந்து கிளம்பி நீளும் வீழ்நிழல் மற்றொன்று. பலரும் இரண்டாவதை அக்கறையோடு வரைந்துவிட்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் மனிதரைத் தரையில் ஊன்றுவது முதலாவதுதான்.

நீளத்தையும் திசையையும் ஊகித்து வரையத் தேவையில்லை. தருமபுரி ஏறத்தாழ 12 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவைக் கடந்தும் உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும்; அப்போது நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். டிசம்பர் உச்சிப்பொழுதில் 165 செ.மீ. உயரமுள்ளவரின் நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 120 செ.மீ. நீளும். ஜூன் மாதத்திலோ சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், உச்சிப்பொழுது நிழல் தெற்கே ஒரு முழத்துக்கும் குறைவாக விழும். நிழலின் ஓரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டமாதலால், பாதத்தருகே கத்தி போல் கூராக இருக்கும் ஓரம், தலை நிழலை எட்டும்போது இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கரைந்திருக்கும். ஓரம் முழுக்க ஒரே அளவு பிளர் (மங்கல்) கொடுத்த நிழல் பொய்யாகத் தெரிவது இதனால்தான்.

கையால் வரைவதிலேயே இரண்டு கட்சிகள் உண்டு. கறுப்பு வண்ணத்தை மல்டிப்ளை லேயரில் (கீழே உள்ள படத்தோடு பெருக்கி இருட்டாக்கும் அடுக்கில்) பூசுபவர்கள் ஒரு பக்கம், தரையின் மீதே கர்வ்ஸ் லேயர் (ஒளியையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் அடுக்கு) போட்டு, வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிடும் மாஸ்க் வழியாக இருட்டாக்குபவர்கள் மறுபக்கம். மல்டிப்ளை என்பது பெருக்கல் கணக்கு. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில், 200 மதிப்புள்ள தரையின் மேல் 128 மதிப்புள்ள சாம்பல் விழுந்தால், பெருக்கி 255-ஆல் வகுக்க, 100 வரும். கணக்கு சரிதான், ஆனால் நிறம் தப்பிவிடும். வெயில் நிழலுக்குள் வெளிச்சம் தருவது நீல வானம் என்பதால், நிஜ நிழலில் நீலச் சாயல் இருக்கும். சாம்பல் வண்ணம் அதைத் தராது. கர்வ்ஸில் நீலச் சானலை, அதாவது படத்தின் நீல நிறப் பங்கை, தனியாகச் சற்றே உயர்த்திக்கொள்ள முடிவதால் நான் இரண்டாவது கட்சி. அதே படத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் மரத்து நிழலைத் தொட்டுப் பார்த்து, அந்த அளவுக்கே இருட்டாக்குவேன். ஒகேனக்கல்லின் ஈரப் பாறை என்றால் நிழலோடு பிரதிபலிப்பும் வேண்டும். அந்த வேலைக்குத் தனிக் கூலி கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது வழி, ஆளின் சொந்த நிழலையே கூடக் கொண்டுவருவது. சேர்க்கப்படுபவர் உயிரோடு இருந்து, கடைக்கு வர முடிந்தால் இதற்கு இணையில்லை. பின்னணி எடுத்த அதே நேரத்தில் மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, வெளிர் நிறத் தரையில், வெயில் அதே பக்கமிருந்து விழும்படி நிறுத்தி எடுத்தால், நிழலைத் தனி லேயராகப் பிரித்து அப்படியே பதிக்கலாம். ஸ்டுடியோ விளக்கில் எடுத்தால் இது நடக்காது: ஒன்றரை மீட்டரில் இருக்கும் விளக்கின் நிழல் விரிந்துகொண்டே போகும், வெயிலின் கதிர்களோ இணையாக வருகின்றன.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரே பொத்தானில் நிறத்தையும் நிழலையும் பொருத்தித் தருகின்றன. நிறச் சாயலைச் சேர்ப்பதில் அவை என்னைவிட வேகமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தைப் புதிதாக உருவாக்கும் வகைக் கருவி முகத்தையும் லேசாகத் தொட்டுவிடும். கண்ணோரச் சுருக்கம் ஒன்று காணாமல் போனால் கடைக்காரனுக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியும். ஆகவே தரைப் பகுதிக்கு மட்டும் அதன் விடையை எடுத்துக்கொண்டு, முகத்தை மாஸ்க் வழியாக மூலப்படத்துக்கே திருப்பிவிடுகிறேன்.

இந்த வழிகள் எதுவும் முகத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் ஒளியை மாற்றாது. வெயில் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது என்று ஆளை இடவலமாகத் திருப்பிவிடுவது பழைய குறுக்குவழி; சட்டைப் பை வலது மார்புக்கும், முந்தானை வலது தோளுக்கும் போய்விடும். நேர் முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்த முகத்தில் மூக்கு நிழலே இருக்காது என்பதால், அதை உச்சி வெயிலில் நிறுத்துவதைவிடப் பின்னணியை மாற்றிக்கொள்வது மேல். மாந்தோப்பின் அடர்நிழல் இதற்கு நன்றாக ஒத்துப்போகும்: அங்கே வீழ்நிழல் வேண்டாம், காலடிக் கருமையும் இலையிலிருந்து வரும் மெல்லிய பச்சைச் சாயலும் போதும். இலை இடுக்கில் வட்ட வட்டமாக வெயில் சிந்தும் தோப்பாக இருந்தால் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு வட்டத்தையும் சட்டையின் மடிப்புக்கேற்ப வளைத்து வரைய வேண்டியிருக்கும்.

அந்தத் தந்தையின் படத்தை மறுபடி செய்தபோது அவரை மணமக்களின் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோனேன். கால் மறைந்துவிட்டதால் தரை நிழல் கேள்வியே எழவில்லை. மகனின் தோள் அவருடைய சட்டையைத் தொடும் இடத்தில் விரலகலத்துக்கு ஒரு கருமை மட்டும் கர்வ்ஸில் வரைந்தேன். மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் இரண்டு பிரதி கேட்டார்.