சோபாவைப் பிடித்து நடப்பவனும் ஓடுகிறவளும்: பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

மகளுக்கு நாலரை வயது. மகனுக்கு 14 மாதம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். முதல் கேள்வி மகளுடையது: "இன்னிக்கு எங்கப்பா போறோம்?" இரண்டாவது என் அம்மாவுடையது: "பாப்பா பதினோரு மாசத்துலயே நடந்துட்டா. இவன் என்னடா இன்னும் சோபாவைப் பிடிச்சிக்கிட்டே சுத்துறான்?"

இரண்டாவது கேள்விக்காகக் கைப்பேசியில் பழைய வீடியோக்களைத் துழாவினேன். மகள் முதல் நாலு எட்டு வைத்த வீடியோ கிடைத்தது. தேதியை வைத்துக் கணக்குப் போட்டால், 13 மாதம் நிறைய நாலு நாள் பாக்கி. அம்மாவிடம் காட்டினேன். "அது நீ வீடியோ எடுத்த தேதி. அவ நடந்த தேதி எனக்குத் தெரியாதா?" என்றார். சரி, பாட்டிமாரின் நினைவோடு யார் வழக்காடுவது?

உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகள் இதற்கு நல்ல மருந்து. கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து எழுதியவை. யார் கையையும் பிடிக்காமல் நடக்கும் வயதாக அதில் இருப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி! அந்தக் குழந்தைகளில் 4.3 விழுக்காட்டினர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. தவழாமலே நடைக்குப் போய்விட்டார்கள். 14 மாதத்தில் சோபாவைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறவன் அந்த இடைவெளிக்குள் சௌகரியமாகவே இருக்கிறான்.

இதைப் படித்த பிறகுதான் முதல் கேள்வியை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். அக்காள் தம்பி இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போகும்போது, அந்த இடம் எவ்வளவு பிரபலம் என்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. சின்னவனைத் தரையில் இறக்கிவிட முடியுமா? பெரியவளிடம் "நில்லு, தம்பி வரட்டும்" என்று எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கும்? இந்த இரண்டையும் வைத்து நாங்கள் அடிக்கடி போகும் இடங்களை எடை போட்டுப் பார்த்தேன்.

தாவரவியல் பூங்கா

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் அதே சாலையின் கடைசியில் இருக்கிறது. 1884-இல் ஆரம்பித்தது. பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தைச் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர் பூங்காவாக்கினார். நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே நம் காரை விடமாட்டார்கள். பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

பூங்காவில் நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. அடிமரத்திலேயே பூத்துத் தொங்கும் அந்தப் பூவை ஒன்று பொறுக்கி, உள்ளே லிங்கமும் மேலே படம் எடுத்த நாகமும் இருப்பதை மகளுக்குக் காட்டினேன். அடுத்த வாரம் அவளே பாட்டிக்குக் காட்டினாள். காயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கும். பழுத்தால் நாற்றம். மரத்தடியில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

சின்னவனுக்கு இங்கே கிடைப்பது புல்வெளி. நடக்கப் பழகும் பிள்ளை விழும், எழும், மறுபடி விழும். தார்ச்சாலையில் விழுந்தால் முழங்கால் உரியும், நாம் பதறிப்போய்த் தூக்கிக்கொள்வோம். புல்லில் விழுந்தால் அது பாட்டுக்கு எழுந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு விடுவோம். முதல் தடவை புல் குத்துகிறது என்று காலைத் தூக்கிக்கொண்டான். மூன்றாவது தடவை அவனே இறங்கத் துடித்தான். பிடித்து நடக்க அங்கே சோபா இல்லை, என் கால்சட்டைதான் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வருவான், பிறகு கையை விட்டுவிட்டுச் சும்மா நிற்பான். ஒன்று, இரண்டு, மூன்று, தொப்.

பெரியவளுக்குப் பந்து. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட குழந்தை வளர்ச்சிப் பட்டியலில், பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடுவது நாலு வயதுக்கும், ஒற்றைக் காலில் தத்துவது ஐந்து வயதுக்கும் போடப்பட்டிருக்கிறது. முக்கால்வாசிப் பிள்ளைகள் செய்துவிடும் வயதையே அந்தப் பட்டியல் எடுத்துக்கொள்கிறது. தவழ்வதையும் சேர்த்திருப்பார்கள் என்று தேடினேன், இல்லை. அந்தத் திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்களாம். என் மகள் பந்தைப் பிடிக்கிறாள். ஒற்றைக் காலில் இரண்டு தத்து, அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள்.

குரங்குகளைச் சொல்லியாக வேண்டும். நீளவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் சாப்பாடு என்று முடிவு கட்டிவிடும். பால் புட்டியும் அவற்றுக்குச் சாப்பாடுதான். எல்லாவற்றையும் ஜிப் வைத்த பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள், கையில் எதுவும் வேண்டாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு வேறு வகை, பரம சாது. அதன் குட்டி ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் கறுத்துப்போகும். மகள் அதைப் பார்த்துவிட்டு, "அதோட தம்பி ஏன் அம்மா மாதிரி இல்லை?" என்று கேட்டாள். குட்டி என்றாலே தம்பிதான், அவள் அகராதியில்.

குறை என்றால் வெயிலும் மழையும். பத்து மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. ஏழரைக்குள் போய்விட்டால் ஒன்பதரைக்குக் கிளம்பி, வழியில் ரொட்டி சானாய் தாப்பாவ் செய்துகொண்டு (பொட்டலம் கட்டித்தான்), மகன் தூங்கும் நேரத்துக்கு வீடு வந்து சேரலாம்.

கொடிமலை

பினாங்கு ஹில் என்றால் எல்லாருக்கும் தெரியும். மலை ரயில் 1923 முதல் ஓடுகிறது. நடுவழியில் இறங்கி வேறு வண்டி மாறிய காலத்தை அம்மா இன்னும் சொல்வார். மேலே போய்ச் சேர அரை மணி ஆகுமாம். 2011-இல் வந்த புது வண்டி பத்து நிமிடத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இத்தனை வேகமாக ஏறினால் காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிக்கொள்வோம், கைக்குழந்தைக்கு அது தெரியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள்.

என் கணக்கில் சின்னவனுக்கு இது மிகக் குறைந்த மதிப்பெண். வரிசையில் தூக்கி நிற்க வேண்டும், வண்டியில் தூக்கி நிற்க வேண்டும், மேலே போனாலும் சரிவான பாதையில் தூக்கித்தான் நடக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் போனால் வரிசையே பாதி நாளைத் தின்றுவிடும். மடக்கு வண்டியில் உட்கார வைக்கலாமே என்றால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2019-இல் வந்த உலகச் சுகாதார நிறுவனப் பரிந்துரை, ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாரில் கட்டி வைக்காதே என்கிறது. கீழே இறக்கிவிடு என்று அவனும் தன் பாஷையில் அதையே சொல்கிறான்.

மகளுக்கு நேர்மாறு. கம்பி ஓரம் நின்று கீழே கடலைப் பார்த்துக் கப்பல்களை எண்ணுவாள். பத்து வரை சரியாக வரும், அப்புறம் "பதினஞ்சு, இருபது, நிறைய!" பினாங்குப் பாலத்தைக் காட்டி, "அது மேல போனாதான் மாமா வீடு" என்பாள். மாமா பட்டர்வொர்த்தில் இருக்கிறார். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம், மாமா வீட்டுக்குப் போகும் வழி, அவ்வளவுதான்.

ஆனாலும் எங்கள் வீட்டு வாக்கெடுப்பில் கொடிமலை தோற்பதில்லை. காரணம், உச்சியில் இருக்கும் அருளொளி திருமுருகன் கோயில். அம்மாவுக்கு அங்கே ஒரு கும்பிடு போட வேண்டும், குளிர்காற்றில் ஒரு கால் மணி நேரம் உட்கார வேண்டும். கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி குறைவாக இருக்கும், அவருக்கும் மூட்டுவலி கொஞ்சம் மறக்கும். குடும்பமாகப் போவது என்றால் பிள்ளைகள் மட்டுமா குடும்பம்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பள்ளி நாளில் ஒரு நாள் லீவு போட்டு, காலை முதல் வண்டிகளில் ஒன்றில் போகிறோம். மலேசிய அடையாள அட்டைகளான மைகார்டு, பிள்ளைகளின் மைகிட் இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், நம் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு.

எண்டோபியா

தெலுக் பாஹாங்கில் 1986-இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாக ஆரம்பித்து, 2016-இல் இந்தப் பெயரோடு புதிதாகத் திறந்தார்கள். இந்த மூன்றில் பர்ஸைப் பதம் பார்ப்பது இதுதான்.

இங்கே சின்னவனை இறக்கிவிட எனக்குப் பயம். அவன் விழுந்துவிடுவான் என்பதற்காக அல்ல, வண்ணத்துப்பூச்சி தரையில் வந்து உட்கார்ந்தால் அதன் கதி என்ன? கையில் எட்டினால் அதைவிட மோசம். ஆக இங்கேயும் தூக்கல்தான். அப்படியென்றால் கொடிமலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விரல்தான் வித்தியாசம். என் தோளில் இருந்தவன் சட்டென்று ஆள்காட்டி விரலை நீட்டி, "உம்!" என்றான். ஒரு பெரிய பூச்சி செம்பருத்தியில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான். அதுவரை அவன் விரல் நீட்டியதெல்லாம் பிஸ்கட் டப்பாவுக்கு. வேண்டும் என்று காட்டுவது வேறு, "நீயும் பாரேன்" என்று காட்டுவது வேறு. இரண்டாவது வகை 18 மாதத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த வயதில் சுகாதாரக் கிளினிக்கில் தாதி நிரப்பச் சொல்லும் கேள்வித்தாளில் இது உண்டு. நடை பிந்துவதைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள், விரலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நடையும் முக்கியம்தான்: 18 மாதம் தாண்டியும் தனியே நடக்கவில்லை என்றால், அல்லது செய்துகொண்டிருந்ததைத் திடீரென்று விட்டுவிட்டால், பாட்டியைக் கேட்காமல் கிளினிக்கைக் கேளுங்கள்.

மகளுக்கு இங்கே கிடைத்தது கதை. உள்ளே கண்காட்சிக் கூடத்தில் முட்டை, புழு, கூடு, பூச்சி எல்லாம் பார்த்தாள். இரண்டு நிகழ்ச்சியாவது கோத்து ஒரு கதை சொல்வது ஐந்து வயதுக்குரியது என்று அதே அமெரிக்கப் பட்டியல் சொல்கிறது. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் அவள் சொன்னது: "புழு நெறைய சாப்பிட்டுச்சு. அப்புறம் போர்வை போத்திக்கிட்டுத் தூங்குச்சு. எந்திரிச்சப்ப சட்டை மாத்திருச்சு." மூன்று நிகழ்ச்சி! அன்றைக்குக் கொடுத்த டிக்கெட் காசு எனக்கு உறுத்தவில்லை.

போகிற வழிதான் சோதனை. பத்து பெரிங்கி தாண்டினால் பாதை வளைந்து வளைந்து போகும். ஜெலுத்தோங்கிலிருந்து நெரிசல் இல்லாத காலையிலேயே முக்கால் மணி ஆகிவிடும். 2020 ஜனவரி 1 முதல் காரில் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பால் குடித்த கையோடு கிளம்பாதீர்கள். மாற்றுச் சட்டை பிள்ளைக்கு மட்டும் போதாது, உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர் பூங்காவும் ஃபெரியும்

இளைஞர் பூங்கா தாவரவியல் பூங்காவுக்குப் பக்கம்தான், இதுவும் இலவசம். கால் நனைக்கும் அளவுக்குக் குழந்தைகள் குளம் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் ஒரே விளையாட்டில் விட முடிகிற ஒரே தேர்வு இது. ஆழமில்லை என்று அசந்துவிடக் கூடாது. சின்னவன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதனால் பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் நான் போகமாட்டேன்.

காசும் நேரமும் இல்லாத ஞாயிறுகளில் ஃபெரியில் ஏறி அக்கரைக்குப் போய்த் திரும்பி வருகிறோம். 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள். பழைய படகுகளின் அழகு இல்லை, ஆனால் மகளுக்குப் பழையது தெரியாதே. மகனுக்கு அங்கே இருக்கைகளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வரிசை நெடுகப் போகலாம். நீளமான சோபா!

இப்போதைக்கு என் கணக்கு இப்படி. மகன் நன்றாக நடக்கும் வரை மாதத்தில் மூன்று ஞாயிறு தாவரவியல் பூங்கா, மழை பிடித்தால் ஃபெரி. அம்மாவுக்காகக் கொடிமலை. எண்டோபியாவை மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வைத்திருக்கிறோம். அதற்குள் தம்பியும் நடந்துவிடுவான், ஆனால் அப்போது பூச்சிகளைக் காப்பாற்றுவது இன்னும் கஷ்டம்.

போன சனிக்கிழமை இரவு இதையெல்லாம் வீட்டில் விளக்கி ஓட்டுக் கேட்டேன். அம்மா கொடிமலை என்றார். மகள் மூன்று இடத்துக்கும் கை தூக்கினாள். மனைவி, "எங்கயாவது போங்க, நான் தூங்கணும்" என்றாள். மகன் என் செருப்பைத் தூக்கிவந்து கடித்துக்கொண்டிருந்தான். அதைப் பூங்காவுக்கு விழுந்த ஓட்டாக எடுத்துக்கொண்டேன்.