கருவி, எட்ஜ் சர்வர், கிளவுட்: கணக்கீட்டை எங்கே ஒப்படைப்பது?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலை, நகர்ந்து வரும் தோலைப் படமெடுத்துக் கீறலையும் துளையையும் அரை நொடிக்குள் கண்டறிய விரும்புகிறது என்று கொள்வோம். அந்தக் கணக்கீட்டைக் கேமராவோடு இணைந்த சிறு கணினியே செய்யலாம். கம்பியில்லா இணைப்பில் எட்ஜ் சர்வரிடம், அதாவது ஆலைக்கு அருகிலேயே வைக்கப்பட்ட சர்வரிடம், ஒப்படைக்கலாம். மும்பையிலுள்ள கிளவுட் மையத்துக்கும் அனுப்பலாம்.

தாமதத்துக்குத் தூரமே காரணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லிநொடி போதும். இழை சுற்றி வளைந்து செல்வதும் வழியிலுள்ள ரௌட்டர்களும் அதைச் சில மடங்கு கூட்டலாம். ஆனால் 2 மெகாபைட் (16 மெகாபிட்) படத்தை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் செல்பேசிக் கோபுரம்வரை ஏற்றவே 800 மில்லிநொடி ஆகிவிடுவதால், சர்வர் எங்கிருந்தாலும் அரை நொடிக் கெடு தவறிவிடும். படத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 80 மில்லிநொடியில் ஏறிவிடும். எட்ஜா கிளவுடா என்ற கேள்வி அதன் பிறகே பொருள் பெறுகிறது.

அப்போது கவனிக்க வேண்டியது சராசரித் தாமதத்தை அல்ல, கெடு தவறும் விகிதத்தை. பணிகள் வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, பாதிச் சுமையில் இயங்கும் சர்வரில் ஒரு பணி முடிய அதன் கணக்கீட்டு நேரத்தைப்போல் சராசரியாக இரு மடங்கும், 90 சதவீதச் சுமையில் பத்து மடங்கும் ஆகிறது. பல ஆலைகள் ஒரே சிறிய எட்ஜ் சர்வரைப் பகிர்ந்தால் அருகாமையின் பயன் அந்த வரிசையிலேயே கரைந்துவிடும். கிளவுடில் வரிசை பெரும்பாலும் குறைவு. ஆனால் வழியில் இழை அறுந்தால் ஆலைக்காரரால் ஒன்றும் செய்ய இயலாது. கருவிக்குள் நடக்கும் கணக்கீட்டுக்கு இணைப்பே தேவையில்லை. எனினும் வேலூர்ப் பகுதியின் கோடை வெப்பத்தில் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளக்கூடும்.

5ஜி தரத்தில் பேசப்படும் 1 மில்லிநொடி, 99.999 சதவீத நம்பகத்தன்மை என்ற இலக்கு 32 பைட் சிறு செய்திக்கானது. படத்துக்கு அதைக் காட்டி விற்பது தவறு.

இரு சர்வர்களுக்கு நகல் அனுப்புவதும் ஒரு வழியே. ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறை தவறுமானால், இரண்டும் சேர்ந்து தவறுவது பத்தாயிரத்தில் ஒருமுறை. ஆனால் இரு நகல்களும் ஒரே கோபுரத்தின் வழியே சென்றால் அந்தப் பெருக்கல் செல்லாது. மேலேற்றும் சுமையும் இரட்டிக்கும்.

ஆகவே இந்த ஆலைக்கு நான் பரிந்துரைப்பது, கருவியில் குறைகளைக் கண்டறியும் ஒரு சிறிய கணினி மாதிரி (மாடல்) எப்போதும் முதல் முடிவைத் தயாராக வைத்திருக்க, கெடுவுக்குள் எட்ஜின் துல்லியமான விடை வந்தால் அதை ஏற்கும் ஏற்பாட்டையே. ஜவ்வாது மலையில் மேடுகள் சிக்னலை மறைக்கும் ஊர்களுக்குச் செல்லும் மருத்துவ வாகனமானால், இசிஜி அலசலைக் கருவியிலேயே முடித்து, பதிவை மட்டும் சிக்னல் கிடைக்கும்போது கிளவுடுக்கு அனுப்புவது தகும்.