தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேமராவோடு வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருமுன் புதுக் கேமரா வாங்குகிறவர்கள் மெகாபிக்சலையும் விலையையும்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு மாவட்டத்திலும் கடை, வாடகை, சர்வீஸ் மூன்றையும் பார்த்தபின் தோன்றுவது வேறு கேள்வி: முகூர்த்தத்துக்கு நடுவில் பேட்டரி தீர்ந்தால், பக்கத்தில் நிற்கும் கல்யாணப் போட்டோகிராபரிடம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அது ஊருக்கு ஏற்ற கேமரா. முடியாது என்றால், எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் நான்கு வார விடுமுறையில் ஒரு நாளாவது பையிலேயே தூங்கும்.

இங்கே வேலை செய்கிறவர்கள் கையில் அதிகம் இருப்பது சோனியும் கேனனும். நிக்கான் அடுத்தபடி. ஃபியூஜி, பானசோனிக் லென்ஸ் வேண்டுமென்றால் பெங்களூருதான் போக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 40. தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் 65 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் சொந்த சர்வீஸ் என்று வரும்போது பெங்களூரு பயணத்தையே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பலாம். ரிப்பேர் அன்றே முடியும் என்று மட்டும் நம்ப வேண்டாம். உதிரி பாகம் வரவழைக்க வேண்டியிருந்தால் உங்கள் விடுமுறை முடிந்துவிடும்.

மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) ஒன்றாக இருந்தாலும் பேட்டரி ஒன்றாக இருக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சோனி ஏ7 வரிசையில் ஏ7 மூன்றிலிருந்து வந்த பாடிகள் (லென்ஸ் இல்லாத கேமரா) என்பி-எஃப்இசட்100 பேட்டரியில் ஓடுகின்றன. ஏ6700, இசட்வி-இ10 இரண்டாம் பதிப்பு இரண்டும் அதையே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஏ6400, பழைய இசட்வி-இ10 இரண்டுக்கும் சின்ன எஃப்டபிள்யூ50தான். கேனனிலும் இதே கதை: ஆர்6, ஆர்7 இரண்டும் எல்பி-இ6 குடும்பம், ஆர்10, ஆர்50 இரண்டும் எல்பி-இ17. கல்யாண வீட்டில் கடன் கிடைப்பது பெரிய பேட்டரி. சின்னது கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

படமும் வீடியோவும் சரிபாதியாக எடுக்கிறவருக்கு இதனால்தான் ஏ6700 அல்லது ஆர்7 என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டிலும் பாடிக்குள்ளேயே அசைவைத் தாங்கும் வசதி உண்டு, இயந்திர ஷட்டரும் (வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் திரை) உண்டு. ஆர்7இல் கார்டுக்கு இரண்டு இடம், ஏ6700இல் ஒன்றுதான். இசட்வி-இ10 இரண்டாம் பதிப்பு வீடியோவுக்கு அருமை. ஆனால் அதில் இயந்திர ஷட்டர் கிடையாது. மண்டபத்து எல்ஈடி வெளிச்சத்தில் எலக்ட்ரானிக் ஷட்டரில் படம் எடுத்தால் மணமக்கள் முகத்தில் குறுக்குப் பட்டைகள் விழும். ஃப்ளாஷ் வேலைக்கும் அது சரிப்படாது. ஆர்50 வாங்குகிறவர்கள் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஃப்ளாஷை அதில் நேராக மாட்டினால் வேலை செய்யாது, ஏடி-இ1 அடாப்டர் தனியாக வேண்டும். ஊர்க் கடைகளில் அது கையிருப்பில் இருக்குமென்று எண்ணி வராதீர்கள்.

கேனனின் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) லென்ஸ்களான இஎஃப் வகை இங்கே ஏராளம். அவற்றைப் புது ஆர்எஃப் மவுண்டில் மாட்டும் இஎஃப்-ஆர்எஃப் அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் உறவினர் வைத்திருக்கும் 50 எஃப் 1.8 (50 மி.மீ. லென்ஸ்; எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்) முதல் வாடகைக்கு வரும் 70-200 எஃப் 2.8 வரை எல்லாம் உங்கள் ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். திருப்பிச் செய்ய முடியாது: ஆர்எஃப் லென்ஸ் பழைய டிஎஸ்எல்ஆரில் ஏறாது. நிக்கான்காரர்கள் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் ஏஎஃப்-எஸ் (உள்ளேயே மோட்டார் உள்ள) லென்ஸ் தானே ஃபோகஸ் ஆகும். பாடி மோட்டாரால் திருகும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ் ஆகாது, கையால்தான் திருக வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில் மூன்றுக்கு மேல் சுமக்க அவசியம் இல்லை. ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் பாடிக்கு (ஏ6700, ஆர்7 இந்த வகை) டாம்ரான் 17-70 எஃப் 2.8 (சோனி, ஃபியூஜி மவுண்டில் உண்டு, எடை 525 கிராம்) அல்லது சிக்மா 18-50 எஃப் 2.8 (சோனிக்கு சுமார் 290 கிராம்) ஒன்று. சிக்மாவில் அசைவைத் தாங்கும் வசதி இல்லை. பாடியிலும் இல்லையென்றால் நடந்துகொண்டே எடுக்கும் வீடியோ ஆடும். இரண்டாவதாக வீட்டுக்குள், இருட்டு மண்டபத்தில் எடுக்க ஒரு 30 எஃப் 1.4. மூன்றாவது தொலைவுக்கு, 70-350 போல ஒன்று. அதுவும் எருது விடும் விழாவோ பறவையோ எடுப்பதாக இருந்தால் மட்டும். 70-200 எஃப் 2.8 ஆசை இருந்தால் சுமந்து வராமல் இங்கே ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

வாடகைக்கு எடுக்கும்போது அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டைக் காட்டினால் தயங்குவார்கள், அதனால் உள்ளூர் உறவினர் ஒருவர் கூட வந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் நல்ல லென்ஸ் எதுவும் மிஞ்சாது. அந்த நாட்களுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். லென்ஸைக் கையில் வாங்கியதும் கடையிலேயே செய்ய வேண்டியவை: வெள்ளைச் சுவரை எஃப் 16இல் ஒரு படம், பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை தெரிகிறதா என்று ஒரு பார்வை, பிறகு ஒரு செய்தித்தாளைச் சுவரில் நேராக ஒட்டி அபர்ச்சரை (லென்ஸின் வெளிச்சத் துளையை) முழுதாகத் திறந்து ஒரு படம். நான்கு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரித் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அது எங்கோ விழுந்த லென்ஸ், அல்லது யாரோ திறந்து மூடிய லென்ஸ். சீரியல் எண்ணையும் முன்பே இருக்கும் கீறல்களையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் மிச்சம்.

பழைய பாடி வாங்குவதாக இருந்தால் ஷட்டர் எண்ணிக்கையைவிட லேசர் காயத்தைப் பாருங்கள். திருவிழா ஆர்கெஸ்ட்ராவிலும் வரவேற்பு மேடையிலும் சுழலும் லேசர் ஒரு நொடி நேராக லென்ஸுக்குள் விழுந்தாலே சென்சாரில் நிரந்தரக் கோடோ புள்ளியோ விழுந்துவிடும். லென்ஸை மூடி ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600இல் ஒரு படம், வெள்ளைச் சுவரில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் கேமராவையும் அந்த மாதிரி மேடைக்கு நேராக வைக்காதீர்கள். மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) சென்சார் எப்போதும் திறந்தே நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வீடியோவில் ஊருக்கு வந்ததும் மாற்ற வேண்டிய முதல் விஷயம் மின்சாரத்தின் துடிப்பு. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அங்கே வைத்திருந்த 1/60 ஷட்டரில் மண்டபத்தில் எடுத்தால் வெளிச்சம் ஏறி இறங்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மேடைக்குப் பின்னாலிருக்கும் எல்ஈடி திரை மட்டும் இதற்கும் அடங்காது. அதற்கு ஷட்டரை நுணுக்கமாக மாற்றும் வசதி கேமராவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோணத்தை மாற்ற வேண்டும். உள்ளூர் வீடியோகிராபர் எடுப்பது பெரும்பாலும் நொடிக்கு 25 ஃபிரேம். நீங்கள் 30இல் எடுத்து அவர் கோப்போடு கலந்தால் கேமராவைத் திருப்பும் காட்சிகள் தட்டுத்தடுமாறும். மெனுவில் என்டிஎஸ்சி (NTSC) என்ற வீடியோ முறையைப் பால் (PAL) என்று மாற்றுங்கள். சோனியில் மாற்றினால் கார்டை மறுபடி ஃபார்மட் செய்யச் சொல்லலாம், அதனால் முன்னால் எடுத்ததைக் காப்பி செய்துவிட்டு மாற்றுங்கள்.

பகல் வெயிலில் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) இல்லாமல் வீடியோ எடுக்க வராதீர்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் 1/100 என்றால் வெளிச்சம் சரியாக இருக்கும். அதே வெயிலில் எஃப் 2.8, 1/50 வேண்டுமென்றால் ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைக்க வேண்டும், அதாவது என்டி64. லாக் (log, பிறகு நிறம் திருத்துவதற்கான வெளிறிய பதிவு) முறையில் ஐஎஸ்ஓ 800இலிருந்துதான் தொடங்கும் என்றால் இன்னும் மூன்று ஸ்டாப். இரண்டு முதல் ஐந்து ஸ்டாப் வரை திருகும் மாறும் என்டி சித்திரை வெயிலுக்குப் போதாது; கடைசி வரை திருகினால் படத்தில் பெருக்கல் குறி போல ஒரு கருமை விழும். பெரிய அளவில் ஒரே ஃபில்டர் வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போடுவது சிக்கனம்.

கார்டு கணக்கு எளிது. நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 140 என்றால் 63. மலிவாகக் கிடைக்கும் கார்டை நம்பி முகூர்த்தத்துக்குப் போகாதீர்கள். வாங்கியதும் முழுக் கொள்ளளவையும் நிரப்பிச் சோதிக்கும் மென்பொருளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போலி தெரிந்துவிடும். வி30 (எழுதும் வேகத்தின் முத்திரை) போட்ட கார்டு இந்த வேகங்களுக்குப் போதும். ஊர் ஸ்டூடியோவில் கோப்பைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் 10 பிட் எச்265 (அதிகம் சுருக்கிய வீடியோ வகை) வேண்டாம். அவர்கள் கணினி திணறும். புதுப் பாடியின் ரா (பதப்படுத்தாத) கோப்பு பழைய ஃபோட்டோஷாப்பில் திறக்காது. ஜேபெக், 8 பிட் எச்264 கொடுத்தால் அன்றைக்கே ஆல்பம் வேலை தொடங்கும்.

நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் வைத்த மைக்கை நிறைத்துவிடும். கேமராவில் ஒலிப்பதிவு அளவை ஆகக் குறைந்த இரண்டு மூன்று எண்ணுக்கு இறக்கி, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கொட்டும்போதுதான் உடையும், ஒத்திகையில் தெரியாது.

ஒகேனக்கல் தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பரிசலில் லென்ஸ் மாற்றாதீர்கள். 17-70 போல ஒன்றைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள். பரிசல் சுழலும்போது 1/500க்குக் குறையாமல் வைத்தால்தான் படம் நிற்கும். அருவியைப் பட்டுபோல் எடுக்க கரையில் முக்காலி, என்டி, அரை நொடி. துளியை உறைய வைக்க 1/1000. சாரல் முன்கண்ணாடியில் படிந்துகொண்டே இருக்கும், அதனால் துடைக்கும் துணி நான்கு வேண்டும், ஒன்று நனைந்தால் அடுத்தது. கேமரா தண்ணீரில் விழுந்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், ‘வேலை செய்கிறதா’ என்று பொத்தானை அழுத்தாதீர்கள். அரிசி டப்பாவில் போடும் வைத்தியம் மாவுத் தூசியைத்தான் உள்ளே சேர்க்கும். நீர்வரத்து அதிகமான நாட்களில் பரிசலை நிறுத்திவிடுவார்கள் என்பதால் கிளம்புமுன் விசாரியுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தூசி தனி ரகம். கிரானைட் குவாரியும் அறுக்கும் பட்டறையும் உள்ள சாலைகளில் பறப்பது கண்ணாடியைக் கீறும் கடினமான துகள். துணியால் துடைப்பது கடைசி வேலை. முதலில் கை ப்ளோயர், அடுத்து மென்தூரிகை, அதன்பிறகே துணி. லென்ஸ் மாற்றும்போது கேமராவை ஆஃப் செய்து, லென்ஸ் மாட்டும் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். சென்சாரில் படிந்தது ப்ளோயருக்குப் போகவில்லை என்றால், ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ., பெரிய சென்சாரான ஃபுல்ஃபிரேமுக்கு 24 மி.மீ. ஸ்வாப் (சென்சார் துடைக்கும் தட்டைக் குச்சி). ஒரு ஸ்வாபை ஒரு பக்கத்துக்கு ஒரு தரம்தான் இழுக்க வேண்டும். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று அடித்துச் சுத்தம் செய்யும் கடையில் கேமராவைக் கொடுக்காதீர்கள், டப்பாவிலிருந்து சிதறும் திரவம் கறையாக ஒட்டிக்கொள்ளும். பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸின் முன்கண்ணாடிப் பூஞ்சையை உள்ளூரில் நன்றாகவே எடுக்கிறார்கள். மிரர்லெஸ் லென்ஸைத் திறக்க மட்டும் விடாதீர்கள். திறந்து மூடியபின் கண்ணாடிகளின் மையம் இம்மி விலகினாலும் செய்தித்தாள் சோதனையில் ஒரு மூலை போய்விடும்.

இந்தப் பகுதியில் சிறப்பாகப் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம் நடுகல். தருமபுரி அருங்காட்சியகத்திலும் ஊர் எல்லைகளிலும் நிறைய இருக்கின்றன. உச்சி வெயிலில் எடுத்தால் வீரனும் எழுத்தும் கல்லோடு கல்லாகிவிடும். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, வயர்லெஸ் டிரிகரோடு கல்லின் பக்கவாட்டில், வெளிச்சம் பரப்பை உரசிச் செல்லும்படி வையுங்கள். வெயிலை ஒருவர் வேட்டியோ போர்வையோ பிடித்து மறைக்கட்டும். எஃப் 8, முக்காலி, 50 மி.மீ. அளவில் ஒரு லென்ஸ். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என மூன்று படம் எடுத்தால் ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும். எழுத்து தெளிய மாவோ சுண்ணாம்போ பூசுவது கல்லுக்குக் கேடு. அருங்காட்சியகத்துக்குள் ஃப்ளாஷுக்கும் முக்காலிக்கும் முதலில் அனுமதி கேளுங்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைச் சாலையில் யானை நின்றால் வண்டியிலிருந்து இறங்க வேண்டாம். அந்தக் காடுகளில் ஒரு பெரிய பகுதி 2022இல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது.

வாங்குவது அங்கேயா இங்கேயா என்ற கேள்விக்கு: கேமராவுக்கு இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி. 2019 ஜனவரிக்கு முன் 28 ஆக இருந்தது. திரும்பும்போது விமான நிலையத்தில் அந்த வரி கைக்கு வரும் என்று நினைக்க வேண்டாம், சுற்றுலாப் பயணிக்கு அப்படித் திருப்பித் தரும் முறை இங்கே நடைமுறையில் இல்லை. வெளிநாட்டு பில்லுக்கு இங்கே இலவச வாரன்டி பெரும்பாலும் கிடைக்காது. அப்பா அம்மாவுக்கோ தம்பிக்கோ என்றால் இங்கேயே பில்லோடு வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு என்றால் நீங்கள் வாழும் நாட்டில் வாங்குங்கள். ட்ரோன் கொண்டுவர வேண்டாம். 2022 பிப்ரவரியிலிருந்து அதன் இறக்குமதிக்குத் தடை. உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் சிக்கலில்லை, கேமரா பேட்டரி 20ஐக்கூடத் தொடாது. முனையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

பழைய கேமராவை ஊரில் விட்டுப் போகிறவர்கள் தோல் பையிலும் பீரோவிலும் வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிப்பது அங்கேதான். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதம் சரி. ஜெல் நிறம் மாறியதும் வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அந்த வாணலி மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது. பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியாக வையுங்கள்.