மனச்சிதைவுக்குத் தனிநபர் சிகிச்சையா, குடும்பச் சிகிச்சையா?

மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) மாத்திரையே அடிப்படை என்பதில் எனக்கு விவாதமில்லை. அதனுடன் எந்த உளவியல் சிகிச்சையைச் சேர்ப்பது என்பதே தம்பிக்காக எங்கள் வீட்டில் முடிவெடுக்க வேண்டியிருந்த கேள்வி. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டையும் பரிந்துரைக்கிறது: நோயாளியுடன் தனியே நடத்தும் சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) குறைந்தது 16 அமர்வுகள், வீட்டாரையும் சேர்த்து நடத்தும் குடும்பச் சிகிச்சை மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 10 அமர்வுகள்.

காதில் விழும் குரலையோ, யாரோ வேவு பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையையோ மறுத்து வாதிடாமல், அதற்கான சான்றுகளை நோயாளியே எடைபோடப் பழக்குவது சிபிடி. மாத்திரைக்குப் பிறகும் குரல்கள் அடங்காதவருக்கு இது பொருத்தமானது. தம்பி தொடக்க அமர்வுகளோடு நிறுத்திக்கொண்டதால், அதன் முழுப் பலனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

நாங்கள் குடும்பச் சிகிச்சையின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அமர்வுகள் முடிந்தபின் கற்றதைக் காப்பாற்றப்போவது யார்? கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்ட லண்டன் ஆய்வில், ஓயாத குறைகூறலும் பகைமையும் அளவுமீறிய தலையீடும் உள்ள வீட்டில், உறவினரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்துக் கழித்தவர்களிடம் நோய் அதிகமாகத் திரும்பியது. (நம் வீடுகளில் அந்த 35 மணி நேரம் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.) குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்பதல்ல இதன் பொருள், நோய் திரும்புவதைத் தடுக்க வீட்டாராலும் முடியும் என்பதே. குளிக்காமல் படுத்திருப்பது சோம்பல் அன்று, நோயின் அறிகுறி என்று புரிந்த பிறகுதான் அப்பா திட்டுவதை விட்டார். அம்மா ஊட்டிவிடுவதை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லப் பழகினார். தூக்கம் குறைவதும், தனக்குத்தானே முணுமுணுப்பதும் தொடங்கினால் எவ்வளவு விரைவில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைத் தம்பியையும் வைத்துக்கொண்டே எழுதிவைத்தோம்.

வேலூர் சிஎம்சியின் மனநல மையம் 1950களிலிருந்தே நோயாளியுடன் குடும்பத்தினரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளித்துவருவதால், இம்முறை நமக்கு அந்நியமன்று. ஆயினும் வீடே அச்சத்துக்குரிய இடமாக இருப்பவருக்கும், விடுதியில் தனியே வாழ்பவருக்கும், உறவினரைச் சேர்க்க விரும்பாதவருக்கும் இதை முதலில் சொல்ல மாட்டேன். அவர்கள் சிபிடி தெரிந்த உளவியலாளரைத் தேடுவதே நல்லது.