மூன்றாவது சீலுக்கு அப்புறம்தான் நின்றது: பழைய காரின் பின் ஆக்ஸில் ஒழுகலும் பிரேக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின் ஆக்ஸில் சீலை (சக்கரத்தைச் சுற்றுகிற ஆக்ஸில் ஷாஃப்ட், அதாவது தண்டின் ஓரமாக எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையம்) மூன்று முறை மாற்றினேன், முதல் இரண்டு முறையும் வீண் வேலை. மூன்றாவது முறை மாற்றி நான்கு வருடம் ஆகிறது, சுமார் 11,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, இப்போது பிரேக் டிரம்மை (சக்கரத்தோடு சுற்றுகிற, பிரேக்கை மூடியிருக்கிற உருளை) கழற்றினால் உள்ளே தூசிதான் இருக்கிறது, எண்ணெய் இல்லை.

பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது, அப்படித்தான் தெரிய வந்தது. இடது பின் சக்கரத்தின் உள்பக்கம் டயரோரமாகக் கறுப்பாக ஒரு கசிவு. இங்கே பலரும் அவசரப்படுவார்கள், நானும் அப்படித்தான், பார்த்ததுமே ஆக்ஸில் சீல் என்று முடிவு கட்டிவிட்டேன். டிரம்முக்குள் இரண்டு எண்ணெய் வரலாம். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வீச்சம் அடிக்கும், ஒருமுறை மோந்தால் மறக்காது. பிரேக் மிதிக்கும்போது ஷூக்களை (டிரம்மின் உள்பக்கத்தில் உரசுகிற வளைந்த கட்டைகள்) விரிக்கிற வீல் சிலிண்டரிலிருந்து வருகிற பிரேக் ஆயில் நீர்த்து இருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும், பெயின்ட்டையும் உரித்துவிடும். சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள், அதற்குள் ஈரம் இருந்தால் அதுவும் போயிற்று. என் வண்டியில் இரண்டுமே ஒழுகியது.

முதல் சீல் 3 மாதம் தாங்கியது. சீல் தரம் சரியில்லை என்று நினைத்து வேறொன்று வாங்கிப் போட்டேன், அதுவும் அதே கதை. காரணம் ஆக்ஸிலின் மேலே இருந்தது. ஆக்ஸில் கூட்டின் மேல் பிரீதர் என்று பட்டாணி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும், ஓடும்போது உள்ளே சூடாகி விரிகிற காற்று அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் எண்ணெயைச் சீலின் உதட்டைத் தாண்டித் தள்ளும். என் பிரீதரை அடைத்தது சேறுகூட இல்லை. துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்தேனே, அந்தப் பெயின்ட்! ஒரு கம்பியை விட்டுக் குத்தியதும் புஸ்ஸென்று காற்று வந்தது பாருங்கள், எனக்கு என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போதாததற்கு டிஃபரன்ஷியலில் (இரண்டு பின் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற நடுக் கியர் பகுதி) எண்ணெயை அதிகமாக ஊற்றியதும் நான்தான். பின்பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி வைத்துக்கொண்டு ஊற்றினால் வண்டி முன்னால் சாய்ந்திருக்கும், பின்புறம் இருக்கிற நிரப்பும் துளை மேலே போய்விடும், மட்டம் தப்பாகத் தெரியும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றி, வழிவது நிற்கிற வரை காத்திருந்துதான் மூட வேண்டும்.

சரி, மூன்றாவது முறை ஷாஃப்டை உருவியபோதுதான் சீல் உட்காருகிற இடத்தைக் கவனித்துப் பார்த்தேன். கண்ணுக்குப் பளபளவென்று ஒரு கோடுதான் தெரிந்தது, ஆனால் விரல் நகத்தால் குறுக்கே இழுத்தால் நகம் இடறியது. பல வருடமாகச் சீலின் உதடு உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கிறது, அதன்மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் எண்ணெய் அந்தப் பள்ளம் வழியே வரத்தான் செய்யும். மெல்லிய எஃகு உறை ஒன்றை ஷாஃப்டின் மேல் ஏற்றினேன். இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, உதடு புது இடத்தில் படுமாறும் செய்யலாம். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் பேரிங்கிலும் ஆட்டம் இருந்தது. ஷாஃப்ட் ஆடினால் எந்தச் சீலும் தாங்காது, அதனால் பேரிங்கையும் அதை நகராமல் பிடித்து வைக்கிற காலர் வளையத்தையும் பிரஸ்ஸில் (அழுத்தி ஏற்றுகிற இயந்திரம்) கொடுத்து மாற்றினேன், சுத்தியலால் அடித்து ஏற்றுகிற வேலை அல்ல அது. சீலைப் போடும்போது ஸ்பிரிங் இருக்கிற பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும், உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்ள வேண்டும், ஷாஃப்டின் பற்கள் உதட்டைக் கிழிக்காமல் நிதானமாக நுழைக்க வேண்டும்.

பிரேக் லைனிங் (ஷூவின் மேல் இருக்கிற உரசும் பட்டை) எண்ணெயில் ஊறிவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பெட்ரோலில் கழுவினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது, நாலு தடவை அழுத்தி மிதித்துச் சூடானதும் உள்ளே ஊறியிருந்த எண்ணெய் மறுபடி மேலே வந்துவிட்டது. மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இழுப்பு நிற்காது. பழைய லைனிங் தூசியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஷூக்களைக் கழற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், ஏனென்றால் எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம் (நான் இரண்டையும் ஒன்றாகக் கழற்றினேன், ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது). வீல் சிலிண்டரைத் தேய்த்துச் சரி பண்ணப் பார்க்கவில்லை, உள்ளே துருக்குழி இருந்ததால் நேராகப் புதுசு. ஏர் எடுப்பதை, அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதை, தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன், ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியாகத்தான் தொட்டேன்.

இந்த நான்கு வருடத்தில் பிரேக் ஆயிலை இரண்டு தடவை மாற்றினேன், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். பிரீதரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையால் சுற்றிப் பார்க்கிறேன். இப்போது டிஃபரன்ஷியலின் முன்பக்கம், பினியன் சீலில் (சுழற்சி உள்ளே வருகிற பினியன் தண்டின் சீல்) லேசாக ஈரம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதை மாற்றக் கழற்றுகிற பினியன் நட்டைத் திரும்ப எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பினியன் பேரிங்கின் இறுக்கமும் அமையும், அதிகமானால் பேரிங் போய்விடும், அதனால் அதில் நான் கை வைக்கப் போவதில்லை, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன்.