அடிவரை இறங்கிய லைப்போ பேட்டரி: எழுப்புவதா, புதிது வாங்குவதா?

குமரி மாவட்டத் தோவாளைப் பக்கத்து வயலில், ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி விமானத்தைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தபோது சாரல் பிடித்துவிட்டது. அதை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்த அவசரத்தில் அதன் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைக் கழற்ற மறந்தேன். மறுநாள் மாலை பார்த்தால் 3எஸ், அதாவது மூன்று செல் கொண்ட 2200 எம்ஏஎச் பேக்கில் செல் ஒன்றுக்கு 2.6 வோல்ட். 3.0-க்குக் கீழே விடவே கூடாது. சார்ஜர் ஏற்றவும் மறுத்தது. அந்தப் பேக்கை எழுப்பியும் பார்த்தேன், புதிதும் வாங்கினேன். இரண்டையும் மாற்றிமாற்றிப் பறக்கவிட்ட பிறகு சொல்கிறேன்: புதிதே சரி.

பணக்கணக்கு தெரிந்ததுதான். புதிதுக்கு 2,000 ரூபாய் அளவில் ஆனது. எழுப்ப ஒரு மாலைப்பொழுது போதும். முற்றத்தில் மணல் போட்ட மண்சட்டிக்குள் பேக்கை வைத்து, லைப்போ முறையில் ஏற்ற மறுத்த சார்ஜரை நிக்கல் பேட்டரி முறைக்கு மாற்றி 0.1 ஆம்பியரில் ஏற்றினேன். அந்த முறை லைப்போவின் எல்லையில் தானாக நிற்காது. அதனால் செல் 3.0 தொடும்வரை மீட்டரை விட்டு நகரவில்லை. அப்புறம் எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் லைப்போ பேலன்ஸ் முறையில் மெதுவாக 4.2 வரை. சுடவில்லை, வீங்கவில்லை.

ஆனால் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் (செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) ஏறிவிட்டது. எனக்கு முடிவைச் சொன்னது அதுதான். புதியதில் செல்லுக்கு 8 மில்லிஓம், எழுப்பியதில் 25. மோட்டார் 20 ஆம்பியர் இழுத்தால் புதியதில் 0.16 வோல்ட் சரியும், பழையதில் 0.5. பாதிக்குமேல் தீர்ந்து 3.7-ல் நிற்கும் செல் அந்த நொடியே 3.2-க்கு வந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் இது பெரிய விஷயம். அந்தக் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள்! காற்றோடு போகும்போது பழைய பேக்கும் நன்றாகத்தான் இருந்தது. எதிர்க்காற்றில் திரும்ப முழு த்ராட்டில் கொடுத்தேன், வோல்ட் விழுந்து, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி அதை நிறுத்திவிட்டது. விமானம் வாழைத்தோட்டத்துக்குள் விழுந்து இறக்கை உடைந்தது.

இன்னொன்று, மிகவும் இறங்கிய செல்லுக்குள் செம்புத் தகடு கரையும். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு எங்காவது படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. என் பேக்கில் முழுதாக ஏற்றி ஒரு நாள் வைத்தாலே நடுச்செல் மட்டும் 4.1-க்கு இறங்கியது, அதற்குமேல் அதை வீட்டுக்குள் வைக்க எனக்கு மனமில்லை.

நான் எழுப்பிப் பார்த்தது இந்த ஒரு பேக்தான். 2.9-ல் சில மணி நேரம் மட்டும் கிடந்தது என்றால் தேறலாம். அப்படி ஒன்று வந்தால் நானும் முயல்வேன். 2-க்குக் கீழே போனதையும் வீங்கியதையும் சார்ஜரில் மாட்டவே வேண்டாம்.

பழையதை முழுக்க வடித்து மின்கழிவுக்கு ஒதுக்கிவிட்டேன். புதியதைப் பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்கிறேன்.